வலப்பக்கம் சாயும் வண்டி

வண்டி முதல் தடவை விழுந்தபோது காம்பவுண்டுக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். வண்டிமேல் இருந்தவர் பம்ப்காரர். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார்களைக் கழற்றிப் பூட்டுவது அவர் தொழில், இடது கால் பாதித் தொடையோடு முடிந்துபோனது அவர் நிலைமை. மூன்றடி தள்ளி, பிடிக்கலாமா வேண்டாமா என்று இரண்டு கையையும் பாதி நீட்டியபடி அவருடைய தங்கை. லேத் பட்டறையில் வேலை பார்ப்பதால் தெருவில் அவளுக்குக் கடைசல்காரி என்றே பெயர். கேட்டுக்குப் பக்கத்தில் அதே பட்டறையின் வெல்டர். வெயிலோ மழையோ கருப்புக் கண்ணாடியைக் கழற்றாதவன், அதனால் பெயரும் கண்ணாடி. மாடிப் பால்கனியில் பனியனோடு வீட்டு ஓனர். முப்பது வருஷம் பஸ் ஓட்டிவிட்டு இப்போது அடுத்தவர் ஓட்டுவதைத் திருத்திக்கொண்டிருப்பவர். ஐந்தாவது ஆள் வாசற்படியில், கையில் ஈரத் துணியோடு நின்ற பம்ப்காரரின் மனைவி. மற்ற மூன்று பேரும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஒருத்திதான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓட்டியதில் குறை ஒன்றும் சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். டேங்குக்கு இடப்பக்கம் நிமிர்ந்து நின்ற கியர் கம்பியை முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார். எட்டு மாதம் கழித்து அவர் முகத்தில் பழைய ஆள் வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. வாசற்படிக்கு முன்னால் வந்து பிரேக்கை மிதித்தார். வண்டி நின்றது. ஒரு நொடி நேராகவே நின்றது. அப்புறம் அவர் இல்லாத காலை ஊன்றினார்.

அதை வேறு எப்படிச் சொல்வது என்று வாசற்படியில் நின்ற அவளுக்குத் தெரியவில்லை. மடித்து ஊக்கு குத்தியிருந்த பேன்ட் துணி சடாரென்று தரையைப் பார்த்து நீண்டது. உடம்பு மொத்தமும் அதை நம்பி அந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

"பிடி, பிடி, பிடி!" என்று ஓனர் கத்தினார், பால்கனியிலிருந்தே பிடித்துவிடுகிறவர் மாதிரி.

கடைசல்காரி வண்டியைத் தூக்கினாள். கண்ணாடி அவரைத் தூக்கினான். முழங்கை சிராய்த்திருந்தது, வேறு அடி இல்லை.

"வலிக்குதாண்ணா?"

"இல்ல. ஸ்டிக்க எடு."

"பரவால்லண்ணா, முதல் தடவைதானே. இன்னொரு ரவுண்டு..."

"ஸ்டிக்க எடுன்னேன்."

இரண்டு ஸ்டிக்கையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு படியேறி உள்ளே போனார். மனைவியைத் தாண்டும்போது முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "வித்துடுங்க."

எட்டு மாதமாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே சொன்னாள், காலை மாலை சொன்னாள், பழைய இரும்புக்காரனைக் கூப்பிட்டு வாசல்வரை வரவழைத்தும் விட்டாள். இப்போது அதே வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. அந்த வார்த்தை வண்டியை மட்டும் சொல்லவில்லை என்று தோன்றியது.

விபத்து நடந்தது ஒரு நாற்சந்தியில். சிக்னலில் நின்றுகொண்டிருந்தார். ஒழுங்காக நின்றுகொண்டிருந்தார், அதுதான் கொடுமை. இடது காலைத் தரையில் ஊன்றி, பச்சை விழக் காத்திருந்தார். பின்னாலிருந்து வந்த தண்ணீர் லாரி ஒடித்துத் திரும்பியதில் பின்சக்கரம் அந்தக் கால்மேல் ஏறிப் போனது. வண்டிக்குக் கால்மிதியும் கியர் லீவரும் வளைந்தன, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் தொடையில் பாதி வரை எடுத்தார்கள். செயற்கைக் கால் ஒன்றும் கொடுத்தார்கள். மாட்டினால் புண்ணாகிறது என்று அது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது.

அவளுக்கு ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை. காலை ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வீட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவாள். அவளாகச் செய்த ஏற்பாடு இல்லை, அவர் சொன்னது. யாராவது கதவைத் தட்டுவார்கள். இவர் எழுந்து ஸ்டிக்கைத் தேடி வருவதற்குள் போய்விடுவார்கள். ஒரு நாள் அவசரப்பட்டு ஈரத் தரையில் வழுக்கி இரண்டு மணி நேரம் கிடந்தார். "வெளிய பூட்டு தொங்கினா எவனும் தட்ட மாட்டான்" என்றார். அன்றிலிருந்து பூட்டின் இரண்டு சாவியும் அவள் வளையத்தில்தான். உள்ளே ஆள் இருக்கும் வீட்டைப் பூட்டுவது அவள் கைக்குப் பழகிவிட்டது. காதுக்குப் பழகவில்லை.

வண்டியை மாற்றலாம் என்று ஆரம்பித்தவள் கடைசல்காரி. அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பத்துப் பன்னிரண்டு மோட்டார்கள் அண்ணன் பொறுப்பில் இருந்தன. அங்கிருந்த செக்ரட்டரி இந்த மாதக் கடைசி வரைதான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். "நடந்து போக முடியாது, ஆட்டோல போனா கட்டுப்படியாகாது, வண்டிதான்" என்று முடிவெடுத்தாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை. நூறு சிசி வண்டி, பன்னிரண்டு வருஷப் பழசு. வேறொரு வண்டியின் ஆட்டோ கிளட்ச் செட்டை வாங்கி இதன் இன்ஜினுக்குள் உட்கார வைத்தாள். கிளட்ச் பிடிக்கவே வேண்டாம், ஆக்சிலேட்டரைத் திருகினால் தானே பிடித்துக்கொள்ளும். காலால் போடும் கியருக்குக் கம்பி வைத்து மேலே கொண்டுவந்தாள். கம்பியின் தலைக்கு அலுமினியத்தில் ஒரு குமிழ் கடைந்தாள், எலுமிச்சம்பழம் அளவில். சும்மா தொங்கிய கிளட்ச் பிடியைக் கழற்றி வீசினாள். பின்சக்கரத்துக்குப் பல் அதிகமுள்ள செயின் சக்கரம், ஊர்ந்து போனாலும் திணறாமல் இழுப்பதற்கு. புது பேட்டரி, கிக்கர் உதைக்காமல் பட்டனில் ஸ்டார்ட் ஆவதற்கு.

உதிரிபாகக் கடையில் இத்தனையையும் கேட்டபோது கடைக்காரன் சிரித்தானாம். "என்ன மேடம், ரேஸ் விடப்போறீங்களா?"

"ஆமா. எங்கண்ணன் ஒத்தக் கால்ல ஜெயிக்கணும்."

அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டு நல்ல செயினாகத் தேடி எடுத்துக் கொடுத்தானாம்.

கடைசல்காரி ஓட்டிப் பார்த்தாள். கண்ணாடி ஓட்டிப் பார்த்தான். காம்பவுண்டில், தெருவில், மெயின் ரோட்டில்கூட. எல்லாம் சரியாக இருந்தது. இப்போது இரண்டு பேரும் சாய்ந்து கிடந்து எழுந்த வண்டியைச் சுற்றிக் குந்திக்கொண்டு சண்டை போட்டார்கள்.

"கியர் ராடு நீளம் ஜாஸ்தி. அதப் பிடிக்கப் போய் பேலன்ஸ் விட்டுட்டாரு" என்றான் கண்ணாடி.

"வண்டி நின்னதுக்கு அப்புறம் எவன்டா கியரத் தொட்டான்? நானும்தான் ஓட்டினேன், நீயும்தான் ஓட்டின. அப்ப நீளமா தெரியலையா?"

"அப்ப பின் ஷாக் ஹைட்டா இருக்கு."

"நேத்து வரைக்கும் நல்லாருந்துச்சு, அவர் ஏறினதும் ஹைட் ஆயிருச்சா?"

மேலிருந்து ஓனர்: "ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் மாட்டிருங்க. சொன்னா எவன் கேக்கறான்."

"மாட்டலாம் சார். அவர் வேலைக்குப் போற சந்துல ரெண்டு பேர் எதிரெதிரே வந்தா ஒருத்தர் சுவத்துல ஒட்டிக்கணும். அதுக்குள்ள நாலு சக்கரத்த எப்படி விடறது, நீங்க பஸ்ஸுல கொண்டுபோய் எறக்குவீங்களா?"

ஓனர் உள்ளே போவதுபோலப் பாவனை செய்துவிட்டுப் போகாமல் நின்றார்.

அவள் வாசற்படியிலிருந்து இறங்கி வந்தாள். கோபமாக இருந்தாள். யார்மேல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டு பேரும் ஓட்டிப் பாத்தோம், ஓட்டிப் பாத்தோம்ங்கறீங்களே. நிறுத்தும்போது எந்தக் காலை ஊனினீங்க?"

கடைசல்காரி குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள், யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல. கண்ணாடியும் தன் காலைப் பார்த்தான். கருப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அவன் கண்ணை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள், சின்னக் கண்.

"ஸ்டாண்டு எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

"இடது பக்கம் அண்ணி."

"எல்லா வண்டிக்குமா?"

"எல்லா வண்டிக்கும்."

அடுத்த நாள் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவள் அதைப் பார்த்தாள். டீக்கடை முன்னால், பேங்க் முன்னால், மருந்துக்கடை முன்னால் வரிசை வரிசையாக வண்டிகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன, நூறு, இருநூறு. ஒன்றுகூடத் தப்பிப் பிறக்கவில்லை. இத்தனை வருஷம் பார்த்தும் கண்ணில் படாத காட்சி. எங்கோ எவனோ ஒருவன் முதல் வண்டி செய்தபோது மனுஷனுக்கு இடது கால் இருக்கும் என்று எடுத்துக்கொண்டான், உலகம் முழுக்க அப்படியே சாய்ந்துவிட்டது.

ஆனால் அது அடுத்த நாள். அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கடைசல்காரி மூலையில் கிடந்த பழைய டியூபை எடுத்துவந்தாள். "அண்ணி, என் இடது காலை மடக்கிக் கட்டுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"இறுக்கிக் கட்டுங்க. நான் கெஞ்சினாலும் அவிழ்க்கக் கூடாது."

முழங்காலை மடக்கி, பாதம் பின்னால் ஒட்டும்படி வைத்துக் கட்டினாள். மூட்டை கட்டிப் பழகிய கை, அவிழாத முடிச்சு. கண்ணாடி வண்டியைப் பிடித்துக்கொண்டான், கடைசல்காரி ஏறினாள், ஒரு வட்டம் போட்டாள், பிரேக் பிடித்தாள், இடப்பக்கம் விழுந்தாள்.

"ஒண்ணு" என்றார் ஓனர்.

மறுபடி ஏறினாள். மறுபடி விழுந்தாள். மூன்றாவது தடவை வலப்பக்கம் சாய்க்கப் பார்த்தாள். வலது கால் பிரேக்கில் இருந்தது, அதை எடுத்து ஊன்றினால் பிரேக் விடுபட்டு, பழைய முன்பிரேக் மட்டும் தாங்காமல் வண்டி உருண்டு ஓடியது, ஊன்றாவிட்டால் விழுந்தது. ஐந்தாவது தடவை முகத்தில் அடிபட்டு உதடு கிழிந்தது. கண்ணாடி "போதும், எந்திரி" என்றான். "வாய மூடிட்டு வண்டியத் தூக்கு" என்றாள். ஓனர் எண்ணுவதை நிறுத்திவிட்டார். முடிச்சுப் போட்ட அவள்தான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று. ஒவ்வொரு தடவையும் இரும்பு சிமென்ட்டில் மோதும் சத்தம் வீட்டுக்குள் போயிருக்கும். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், அசையவில்லை.

பதினொன்றாவது தடவை கடைசல்காரி தரையில் கிடந்தபடியே சிரித்தாள். பல்லில் ரத்தம்.

"இருக்கற ஒரே காலுக்கு நாம வேலை குடுத்து வச்சிருக்கோம்டா. அது சும்மா இருக்கணும். பிரேக்கு கைக்கு வரணும். கிளட்ச் பிடிய எங்க வீசினேன்? தேடு."

அந்த வாரம் புதன்கிழமை ஷிப்ட் முடிந்து அவள் பட்டறைக்குப் போனாள், இரண்டு பேருக்கும் சோறு எடுத்துக்கொண்டு. அதற்கு முன் அவள் பட்டறைக்குள் நுழைந்ததில்லை. தகரக் கூரை, எண்ணெய் வாசனை, காலடியில் சுருள் சுருளாக இரும்பு. லேத்தில் ஒரு துண்டு சுழன்றது. அவ்வளவு வேகத்தில் சுழன்றதால் சுழலாததுபோல நின்றது. கடைசல்காரி உளியை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள், தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை, இரும்பிலிருந்து நீல நிறத்தில் ஒரு நாடா கிளம்பிச் சுருண்டு சுருண்டு இறங்கியது. இரும்பு அப்படி இறங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

மெஷினை நிறுத்தி அளவு பார்த்தாள் கடைசல்காரி. உதட்டில் தையல் போட்டிருந்தது. "ஒரு தலைமுடி ஜாஸ்தி" என்றாள்.

"ஒரு முடியா? அது இருந்துட்டுப் போகட்டுமே."

"முடி ஜாஸ்தின்னா கேபிள் உள்ள உரசும் அண்ணி. பத்து நாள் நல்லா இருக்கும், பதினோராவது நாள் எறக்கத்துல பிரேக் பிடிக்கும்போது அறுந்துரும். அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன்."

அவள் சோற்றுப் பாத்திரத்தை வைத்துவிட்டு மெஷின் பக்கம் நகர்ந்தாள். தலைமுடியளவு இரும்பை எடுப்பதற்காக மெஷின் மறுபடி சுழல ஆரம்பித்தது.

கண்ணாடி ஸ்டாண்டை வெட்டி வலப்பக்கம் ஒட்டினான். சீட்டின் பஞ்சை வலப்பக்கம் அரை அங்குலம் சீவினார்கள், உட்கார்ந்தால் உடம்பு தானாக அந்தப் பக்கம் போவதற்கு. இடப்பக்கம் டேங்கில் ரப்பர் மெத்தை, மீதித் தொடை அணைத்துக்கொள்வதற்கு. பழைய கிளட்ச் பிடி இப்போது பின்பிரேக். ஸ்டிக் இரண்டும் மாட்ட ஒரு குழாய். ஆர்டிஓ ஆபீஸில் காட்டி எழுதி வாங்கவும் தேதி கேட்டு வைத்தாள் கடைசல்காரி. இதற்கெல்லாம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்குகிற ஆள் வந்தானா என்று மட்டும் ஒரு தடவை கேட்டார். "வந்தான், நாளைக்கு வரேன்னான்" என்று அவள் பொய் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை லேசாகத் தூறிவிட்டு நின்றிருந்தது. கடைசல்காரி மறுபடி காலை நீட்டினாள், அவள் கட்டினாள். முதல் வட்டத்தில் வலது காலை ஊன்றி நிறுத்திவிட்டாள். ஓனர் கைதட்டினார். ஆனால் திருப்பங்களில் வண்டி தடுமாறியது. கடைசல்காரி இடுப்பை அப்படியும் இப்படியும் மாற்றினாள், ஒத்துவரவில்லை. நாலாவது வட்டத்தில் தொட்டிமேல் இடித்துக்கொண்டாள்.

"இடுப்ப ஏன் நடுவுல வச்சிருக்க?"

எல்லோரும் திரும்பினார்கள். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பம்ப்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று யாருக்கும் தெரியாது.

"நடுவுல வைக்காம?"

"உன் கால் கட்டித்தான் இருக்கு, போகல. அதோட கனம் அங்கயேதான் இருக்கு. எனக்கு அந்தப் பக்கம் கனமே இல்ல. நான் நேரா உக்காந்தா வலது பக்கம் இழுக்கும். அதுக்கு எதிரா இடது பக்கம் சாஞ்சிக்குவேன். அன்னிக்கு விழுந்ததும் அதுலதான். நீ கால வெட்டிட்டு ஓட்டிப் பாத்தாதான் உனக்குத் தெரியும்."

"அதையும் செய்வா" என்றான் கண்ணாடி. "ரம்பம் எங்க இருக்குன்னு கேக்காம இருந்தா சரி."

அவர் சிரித்தார். உதட்டோரத்தில் கொஞ்சம். பிறகு ஸ்டிக் சத்தம், கதவு, படி. வெளியே வந்துவிட்டார்.

"அப்ப இடது பக்கம் ஒரு கனம் தொங்கவிடணும்" என்றாள் கடைசல்காரி. "உன் டூல் பெட்டியவே அங்க மாட்டிரலாம். காலுக்குப் பதிலா பெட்டி. எவ்ளோ கனம் வைக்கறது?"

"எனக்கென்ன தெரியும். எடை போட்டா எடுத்தாங்க?"

அவள் துணியில் கையைத் துடைத்துக்கொண்டாள். லாண்டரியில் தராசு ஒன்று உண்டு, அவள் சேர்ந்த நாளிலிருந்து ரிப்பேர். மெஷினுக்குள் பாரம் ஒரு பக்கம் சேர்ந்தால் மெஷின் நடக்க ஆரம்பிக்கும், தரையில் போட்ட போல்ட்டைக்கூடப் பிடுங்கும். அதனால் மூட்டைகளைத் தூக்கியே எடை பிரிப்பாள். பதினாலு வருஷமாக. கால் கிலோ தவறாது.

"படியில உக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். அவள் அவர் முன்னால் குந்தி, அவருடைய வலது காலின் கீழ் ஒரு கையும் தொடையின் நடுவில் ஒரு கையும் கொடுத்தாள். "விட்டுருங்க. நீங்க தூக்காதீங்க. முழுசா என் கையில விடுங்க."

அவர் விட்டார். கால் மொத்தமும் அவள் கைக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டாள். இத்தனை நாள் அவளுக்குத் தெரிந்தது இல்லாமற்போன கால். வீடு முழுக்க அதுதான் இருந்தது, கட்டிலில், குளியலறையில், கதவுக்குப் பின்னால் ஆணியில். இந்தக் காலை அவள் மறந்தே போயிருந்தாள். சூடாக, கனமாக, முடியும் வடுவுமாக, எட்டு மாதம் அந்த ஆளைத் தனியாகச் சுமந்த கால். எடை தெரிந்த பிறகும் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏழே கால்" என்றாள் கடைசியில்.

யாரும் சந்தேகப்படவில்லை. டூல் பெட்டியைத் தூக்கினாள். "இது எட்டு. சமமா வைக்கணுமா?"

"கம்மியா" என்றார் அவர். "காலைவிடக் கொஞ்சம் கம்மியா. நிக்கும்போது வலது பக்கந்தான் சாயணும்."

பெட்டியைத் திறந்து பெரிய பைப் ஸ்பேனரையும் சுத்தியலையும் எடுத்தாள். தூக்கிப் பார்த்தாள். ஒரு திருப்புளியைத் திரும்பப் போட்டாள். "ஆறரை."

"பைப் ஸ்பேனர் இல்லாம நான் எப்படி வேலை பாக்கறது?"

"முதுகுல மாட்டிக்குங்க. அது நடுவுல வரும்."

கண்ணாடி வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். "அண்ணி, நீங்க நம்ம பட்டறைக்கே வந்துருங்க."

பெட்டியை மாட்டியதும் கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. ஆட்டோ கிளட்ச்சில் இன்ஜின் சும்மா ஓடும் வேகம் கொஞ்சம் கூடினால், நிற்க வேண்டிய இடத்தில் வண்டி தானாக நகரும். இரண்டு கால் இருக்கிறவன் தடுத்துக்கொள்வான். குறைந்தால் சிக்னலில் அணைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசல்காரி ஸ்டார்ட் பண்ணிவிட்டு, கார்ப்பரேட்டர் பக்கம் தலையைச் சாய்த்துத் திருப்புளியை வைத்தாள். அண்ணி குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர் டம்ளரை வாங்கி டேங்கின்மேல் வைத்தாள்.

"எதுக்கு?"

"பாருங்க அண்ணி."

தண்ணீர் குதித்தது, விளிம்பில் தெறித்தது. திருப்புளி கொஞ்சம் திரும்பியது. இன்ஜின் இருமியது, தண்ணீர் தாறுமாறாக ஆடியது. அவர் ஸ்டிக்கில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு, "விட்டுட்ட. திரும்ப வா... இன்னும் கொஞ்சம்... காத்தக் குறை" என்றார். அண்ணனும் தங்கையும் முகம் பார்த்துக்கொள்ளவில்லை. ஒருத்தி கையும் இன்னொருவர் காதும் ஒரே உடம்பில் இருப்பவைபோல இருந்தன. சத்தம் மெல்ல மெல்லத் தணிந்து, கரடுமுரடெல்லாம் உதிர்ந்து, மூச்சுவிடுவதுபோல ஆனது. டம்ளரில் தெறிப்பு நின்றது. நடுவிலிருந்து விளிம்புக்கு வளையம் வளையமாகக் கோடுகள் விரிந்தன, காம்பஸில் வரைந்ததுபோல, ஒன்றின்பின் ஒன்று, கலையாமல். பன்னிரண்டு வருஷம் அவள் திட்டித் தீர்த்த வண்டி. அதற்குள் இப்படி ஒரு ஒழுங்கு இருந்திருக்கிறது. ஓனர் எப்போது கீழே இறங்கி வந்தார் என்று தெரியவில்லை, அவரும் டம்ளரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி குடிக்கலாமா?" என்று கண்ணாடி கிசுகிசுத்தான்.

"தொட்டா கொன்னுடுவேன்" என்றாள் கடைசல்காரி.

அவர் ஏறினார். யாரும் பிடிக்கவில்லை, வண்டி வலப்பக்கம் ஸ்டாண்டில் சாய்ந்து, அவர் பக்கம் வந்து நின்றிருந்தது. காம்பவுண்டில் வட்டம் எதுவும் போடவில்லை. "கேட்டத் திற" என்றார்.

"ஒரு ரவுண்டு இங்கயே..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"இங்க எவ்ளோ நாளுதான் சுத்தறது?"

கண்ணாடி கேட்டைத் திறந்தான். தெரு ஈரமாக இருந்தது. எட்டு மாதமாக அவர் நகர்வதென்றால் அவள் காதில் டக், டக் என்று இரண்டு சத்தம், நடுவில் ஒரு மூச்சு. இப்போது அந்த மனுஷன் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனார், கட்டிலையும் சுவரையும் பிடிக்காமல். மருந்துக்கடை தாண்டினார். முனையில் ஒரு வேன் குறுக்கே வந்தது. அவள் வாயில் துணியைக் கடித்துக்கொண்டாள். வண்டி நின்றது. வலப்பக்கம் லேசாகச் சாய்ந்தது. வலது கால் இறங்கித் தரையில் பதிந்தது. வேன் போகும்வரை அப்படியே நின்றார், அவசரமே இல்லாமல், தெருவில் ஏதோ வேடிக்கை பார்ப்பவர்போல. பிறகு திரும்பிப் பார்க்காமல் முனையைத் தாண்டி மறைந்தார்.

இருபது நிமிஷம் ஆளைக் காணோம். கடைசல்காரி கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள். கட்டிய டியூபை அவிழ்க்க மறந்து, ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து நடந்தாள். அதை யாரும் சொல்லவில்லை, கடைசல்காரிக்கும் தோன்றவில்லை.

"எங்க போனீங்க?" என்று அவள் கேட்டாள், அவர் வந்து இறங்கியதும்.

"அந்த சிக்னல் வரைக்கும்."

அவள் தட்டைப் போட்டாள், எல்லோரும் சாப்பிட்டார்கள்.

செக்ரட்டரி வரச் சொன்னது அந்த வாரம் வெள்ளிக்கிழமை. புதன்கிழமை ஆபீஸில் வண்டியைக் காட்டி எழுதி வாங்கிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை அவள் வழக்கம்போல ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். அவரும் சட்டை போட்டு, பைப் ஸ்பேனரைப் பையில் வைத்து முதுகில் மாட்டியிருந்தார். அவள் டிபன் பாக்ஸை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், வாசற்படி இறங்கினாள், பழக்கத்தில் திரும்பிக் கதவை இழுக்கக் கை நீட்டினாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன, உள்ள வச்சுப் பூட்டப்போறியா?"

அவள் சாவி வளையத்தைப் பார்த்தாள். இரண்டு சாவியும் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. ஒன்றைக் கழற்ற நகம் உடைந்தது. அவர் கையில் வைத்தாள்.

"சாயங்காலம் யார் முதல்ல வருவா?" என்று கேட்டாள், கேட்க வேறெதுவும் இல்லாததால்.

"முதல்ல வர்றவங்க டீ போடட்டும். பஸ்ஸு போயிரும், போ."

போனாள். வண்டி வலப்பக்கம் சாய்ந்து நின்றது. அதைத் தாண்டும்போது டூல் பெட்டியை ஒரு தடவை கையால் தூக்கிப் பார்த்தாள், ஆறரைதான். கேட்டைத் தாண்டி நாலடி வைத்திருப்பாள். முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று படி இறங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம், தாழ்ப்பாள், பூட்டில் சாவி திரும்பும் சத்தம். வீட்டுக்குள் யாரும் இல்லை.